பைப் ஒழுகுதா? கேளுங்க, சொல்றோம்

கேள்வி: மோட்டார்ல இருந்து மாடி டேங்குக்குப் போற பிவிசி பைப்ல நீளவாக்குல விரிசல். மோட்டாரை நிறுத்திட்டு எம்சீல் வச்சேன், மறுபடி போட்டதும் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. நான் வாங்குனது டூப்ளிகேட்டா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: டூப்ளிகேட்னு உடனே கடைக்காரர் கூட சண்டைக்குப் போயிடாதீங்க, மோட்டாரை நிறுத்துனாலும் மாடி வரைக்கும் நிக்கிற பைப்புக்குள்ள தண்ணி அப்படியே நிக்கும், உறிஞ்சு பைப்போட அடியில இருக்கிற ஃபுட் வால்வு அதைக் கீழ விடாது. 10 மீட்டர் உயரம்னா கிட்டத்தட்ட ஒரு கிலோ பிரஷர், அது விரிசல் வழியா கசிஞ்சுக்கிட்டே இருக்கும்போது மேல என்னத்த அப்புனாலும் ஒட்டாது. மோட்டார் பக்கத்துல இருக்கிற யூனியனை (கழட்டி மாட்டுற இணைப்பு) கழட்டி மொத்த தண்ணியும் வடிச்சுருங்க, பைப்பைத் துணியால தொடச்சு நல்லா காயவிட்டு, பளபளப்பு போற அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. விரிசலோட ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு ஓட்டை போட்டுட்டா அதுக்கு மேல ஓடாது (இதைப் பாதிப் பேர் செய்றதே இல்ல). எம்சீல்ல ரெண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து, கோடு கோடா தெரியாம ஒரே நிறமாகுற வரைக்கும் பிசையணும், கைக்கு கவர் போட்டுக்கிட்டா நல்லது. விரிசல் மேல மட்டும் பூசாம பைப்பைச் சுத்தி வளையமா அழுத்தி வச்சுட்டு, ராத்திரி முழுக்க மோட்டார் பக்கமே போகாதீங்க.

அவ்ளோ நேரம் பொறுக்க முடியாதுன்னா பழைய சைக்கிள் டியூப்பை நீளமா வெட்டி இழுத்து இறுக்கிச் சுத்தி, மேல ரெண்டு மூணு ஹோஸ் கிளிப் போட்டு முறுக்குங்க, அழகா இருக்காது ஆனா தண்ணி ஏறிடும்.

சிலபேர் விரிசல் மேல பிவிசி பைப் ஒட்டுற சொல்யூஷனை ஊத்துவாங்க, வேஸ்ட். அது பிவிசியைக் கரைச்சு ரெண்டு பரப்பை ஒண்ணா சேர்க்கிற சரக்கு, இடைவெளியை அடைக்காது. அதே சைஸ் பைப்ல ஒரு துண்டை நீளவாக்குல கீறி, உள்பக்கம் சொல்யூஷன் தடவி, விரிசல் மேல கவ்வ வச்சுக் கம்பியால இறுக்கிக் கட்டுங்க, வயக்காட்டுல இதுதான் நடக்குது, நல்லாவே நிக்கும். ஆனாலும் டெலிவரி பைப்புங்கிறதால அந்தத் துண்டை அறுத்துட்டு புதுத் துண்டும் அதை இணைக்க ரெண்டு கப்ளிங்கும் போடுறதுதான் என் ஓட்டு.

கேள்வி: கறுப்பு தண்ணி டேங்க்ல அடியில கீறல். எம்சீல், அரால்டைட் எதுவுமே ஒட்ட மாட்டேங்குது.
- வாசகி, தேனி

பதில்: ஒட்டாதுங்க. டேங்க் பாலிஎத்திலீன், தொட்டாலே மெழுகு மாதிரி வழுக்கும், அதுல பசைக்குப் பிடிப்பே கிடையாது. சூடு காத்து அடிச்சு அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் பண்றவங்க இருக்காங்க, அவங்களைப் பிடிங்க. கீறலா இல்லாம சின்ன ஓட்டையா இருந்தா ரெண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வச்சு போல்ட்டை முறுக்குனாலே போதும், துருப்பிடிக்காத போல்ட்டா வாங்குங்க.

கேள்வி: கீசர் பைப் ஒழுகுது, டெஃப்லான் டேப் சுத்தலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: டெஃப்லான் மரைக்கு (திருகுற இணைப்புக்கு) மட்டும்தான், அதுல பசையே இல்ல. கீசர் லைன் பெரும்பாலும் சிபிவிசியா (சுடுதண்ணி தாங்குற பிவிசி) இருக்கும், அதுக்குத் தனி சொல்யூஷன் இருக்கு, சாதா பிவிசி சொல்யூஷன் வாங்கிடாதீங்க.

கேள்வி: கேஸ் டியூப்ல வெடிப்பு. தற்காலிகமா எதாவது ஒட்டலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: கூடவே கூடாது! ரெகுலேட்டரை மூடி டியூபை மாத்துங்க. கேஸ் வாசனை வந்தா ஸ்விட்ச்சைத் தொடாம கதவு ஜன்னலைத் திறந்துட்டு, வெளிய வந்து கேஸ் கசிவு அவசர நம்பர் 1906க்கு அடிங்க.