ஸ்டாப்பரைத் திட்டாதீர்கள்

கால்பந்து: கேள்வியும் பதிலும்

(கிருஷ்ணகிரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பத்தியாளர் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: இந்தியன் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்.சி.யின் ஆட்டத்தை முதல் ஆண்டிலிருந்து பார்த்துவருகிறேன். முன்னால் அழகாக கோல் அடிக்கிறார்கள். பின்னால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நெஞ்சு பொறுக்கவில்லை. குற்றம் கோல்கீப்பருடையதா, ஸ்டாப்பர்களுடையதா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே வேதனையோடுதான் நானும் பல இரவுகள் தொலைக்காட்சியை அணைத்திருக்கிறேன். ஆனால் ஸ்டாப்பரை, அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் பின்களத்தின் நடுவில் நின்று தடுப்பவரை, திட்டாதீர்கள். அந்த இடத்தில் ஆடியவன் என்பதால் கேட்டுக்கொள்கிறேன்.

கோல் விழுந்ததும் கேமரா ஸ்டாப்பரின் முகத்துக்குப் போகும். இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்தபடி நிற்பார். நாமும் அவரையே பிடித்துக்கொள்கிறோம். அடுத்த முறை, பந்து வலைக்குள் போவதற்குப் பத்து விநாடி முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டு ஓரங்களையும் காக்கும் விங் பேக்குகள் இருவரும் ஒரே நேரத்தில் மேலே ஏறியிருப்பார்கள். நடுகளத்தில் ஒருவர் பந்தை இழந்திருப்பார். எதிரணி அந்தப் பந்தை விங் பேக் விட்டுப்போன காலி இடத்துக்கு நீளமாக அனுப்பும். அதைத் துரத்தி ஒரு ஸ்டாப்பர் ஓரத்துக்கு இழுபட்டுப் போவார். இப்போது கோலுக்கு முன்னால் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஸ்டாப்பர். அவரைச் சுற்றி எதிரணியினர் இருவர். அவர் யாரைப் பிடிப்பார்? யாரைப் பிடித்தாலும் மற்றவர் அடிப்பார். நீங்கள் கேமராவில் பார்க்கும் முகம் அவருடையது.

பந்தை இழந்த அந்த நொடியில் ஸ்டாப்பர்களுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். வயலுக்கு வரப்பு போல. 2017–18 சீசனில் அந்த இடத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் நின்றார். அவருக்குப் பின்னால் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வ்ஸ், போர்ச்சுகல்காரர் ஹென்றிக் செரெனோ. இருவருக்கும் தாய்மொழி போர்ச்சுகீசியம். இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். மைதானத்தில் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கக்கூட நேரம் இருக்காது. வலையில் பஞ்சாபிலிருந்து வந்த கரன்ஜித் சிங், இடப்பக்கம் மிசோரம் இளைஞர் ஜெர்ரி லால்ரின்சுவாலா, வலப்பக்கம் ஸ்பெயின்காரர் கால்டெரோன். இத்தனை மொழிக்காரர்கள் இருந்த வரிசையின் நடுவில் நின்ற இருவருக்காவது ஒரே மொழி இருந்தது. அந்த ஆண்டு கோப்பை நமக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, 2018–19, நாம் கடைசி இடம். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி. ஒரே ஆண்டில் உச்சியிலிருந்து அடித்தட்டு. செரெனோ போய்விட்டார். அவருடைய இடத்துக்கு எலி சபியா வந்தார். அவரும் பிரேசில்காரர்தான், மைல்சனோடு ஒரே மொழி பேசியவர்தான். ஆனாலும் கோல்கள் விழுந்தன. ஏனென்றால் காயம்பட்ட தனபால் கணேஷ் வெளியே உட்கார்ந்திருந்தார். வரப்பு உடைந்த வயலில் எவ்வளவு நல்ல நாற்றும் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. என் மனத்தில் இதுதான் பெரிய குறை. என் அப்பா ஏர் உழுத காலத்தில், ஜோடி மாட்டில் ஒன்றை விற்க நேர்ந்தால் மற்றதையும் சேர்த்தே விற்றுவிடுவார். புது மாட்டோடு பழைய மாடு நடை பழகுவதற்குள் மழையும் ஈரமும் போய்விடும் என்பார். ஸ்டாப்பர்களும் அப்படித்தான். நானும் என் ஜோடியும் ஆறு ஆண்டுகள் இந்த ஊரின் செம்மண் மைதானத்தில் சேர்ந்து ஆடினோம். எங்களுக்குள் மூன்று சொற்கள் போதும்: "ஏறு", "விடு", "எனக்கு". நான்காம் ஆண்டுக்குப் பிறகு அவையும் தேவைப்படவில்லை. அவன் தோள் திரும்பும் விதத்திலேயே அவன் பந்துக்குப் போகிறானா, நிற்கிறானா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சென்னையின் ஜோடிகளைப் பாருங்கள். மைல்சன்–செரெனோ. பிறகு மைல்சன்–சபியா. 2019–20-இல் லூசியன் கோயன்–சபியா. 2020–21-இல் சபியா–எனெஸ் சிபோவிச். 2021–22-இல் டம்யானோவிச் வந்தார். 2022–23-இல் ஈரான்காரர் ஹகமனேஷியும் செனகல்காரர் டியான்யேவும் வந்தார்கள். 2023-இல் இங்கிலாந்துக்காரர் ரையன் எட்வர்ட்ஸ் வந்தார். ஆண்டுதோறும் நுகத்தடியில் ஒரு புது மாடு.

இதில் சபியா மட்டும் மூன்று சீசன் தொடர்ந்து இருந்தார். அவருடைய மூன்றாவது சீசனில், 2020–21-இல், 20 ஆட்டங்களில் நாம் வாங்கியது 23 கோல். கோல் அடிக்க முடியாமல் 11 ஆட்டங்களைச் சமன் செய்தோம் என்பது வேறு கதை. பின்களம் அந்த ஆண்டு ஒழுங்காக நின்றது. அதன்பின் அவரை விட்டுவிட்டோம். அவர் ஜாம்ஷெட்பூர் போனார். அதே 2021–22 சீசனில் அந்த அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து லீக் கேடயத்தை வென்றது. நாம் கோவாவிடம் 5–0 என்று தோற்றோம். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோல்கீப்பரைப் பற்றிக் கேட்டீர்கள். 2019 முதல் நம் வலையில் நின்றவர் விஷால் கைத். எத்தனை பேர் அவரைத் திட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். என் முன்னாள் மாணவர்களே திட்டினார்கள். 2022-இல் அவர் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்குப் போனார். போன முதல் சீசனிலேயே தங்கக் கையுறை விருது வாங்கினார். அணியும் கோப்பையை வென்றது. அதே கைகள், அதே கண்கள். அவருக்கு முன்னால் நின்ற வரிசைதான் வேறு.

நம்மிடம் குறை சொல்லப்பட்டவர்கள் வெளியே போய்ப் பதக்கம் வாங்குகிறார்கள் என்றால், குறை அந்த ஆட்களிடம் எப்படி இருக்கும்? ஜோடியை இரண்டு மூன்று ஆண்டு சேர்த்து வைத்திருக்கும் பொறுமை அணியிடம் இல்லை. வெளிநாட்டு வீரர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுப்பது, சீசன் சரியில்லை என்றால் எல்லோரையும் மாற்றுவது என்று போய்க்கொண்டிருக்கிறது. 2021-இலிருந்து களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள்தான் இறங்கலாம். அந்த நால்வரில் கோல் அடிப்பவர்களுக்கே முதலில் இடம் போகிறது. அப்படியானால் உள்ளூர் ஸ்டாப்பர்களை 18 வயதிலேயே ஜோடியாகப் பிடித்து வளர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உயரமும் துணிவும் உள்ள பையன்களுக்குப் பஞ்சமா? நான் கற்றுக்கொடுத்தவர்களிலேயே நான்கைந்து பேரைச் சொல்வேன். அவர்களைத் தேடி ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

கேள்வி: பின்களத்தில் மூன்று பேர் நல்லதா, நான்கு பேரா?
– வாசகர், ஊத்தங்கரை

எத்தனை பேர் என்பதைவிட அவர்களுக்கு இடையே எத்தனை அடி என்று பாருங்கள். பக்கத்து ஆளுக்கு ஓடிப்போய் உதவ முடியாத தூரத்தில் ஐந்து பேர் நின்றாலும் ஓட்டைதான். பந்து இடப்பக்கம் போனால் முழு வரிசையும் இடப்பக்கம் நகர வேண்டும், கயிற்றில் கட்டியது போல. அதைச் செய்கிற அணிக்கு மூன்று பேரும் போதும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளி அணியில் முன்னால் ஆட ஆசைப்படுகிறான். ஆசிரியர் அவனை ஸ்டாப்பராக நிறுத்துகிறார். அவன் குள்ளம் வேறு. "ஒருவரும் விரும்பாத இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள்" என்று அழுகிறான். என்ன சொல்லித் தேற்றுவது?
– வாசகி, பாலக்கோடு

அம்மா, அவனிடம் ஃபாபியோ கன்னவாரோவைப் பற்றிச் சொல்லுங்கள். இத்தாலிக்காரர், ஸ்டாப்பர். உயரம் சுமார் 176 சென்டிமீட்டர்; அந்த இடத்துக்கு மிகவும் குறைவு. 2006 உலகக் கோப்பையில் அவர்தான் இத்தாலியின் கேப்டன். அந்தத் தொடர் முழுவதிலும் இத்தாலி வாங்கியது இரண்டே கோல்: ஒன்று அவர்களுடைய ஆள் தவறுதலாகத் தன் வலையிலேயே அடித்தது, மற்றொன்று இறுதி ஆட்டத்தில் ஜிடான் அடித்த பெனால்டி. பெனால்டி இல்லாமல், ஆட்டத்தின் ஓட்டத்தில் எதிரணி வீரர் ஒருவராலும் அவர்களைத் தாண்டி அடிக்க முடியவில்லை. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான 'பாலன் தோர்' தங்கப் பந்து விருதையும் கன்னவாரோவுக்கே கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டாப்பர் மார்க்கோ மத்தெராஸி. பிற்பாடு சென்னையின் அணிக்கு முதல் பயிற்சியாளராக வந்தவர் அவர்தான். அன்று இத்தாலியின் கோலை அடித்தவரும் அவரே.

உயரம் இல்லாதவன் எதிரிக்கு முன்னால் குதிக்க வேண்டும். சேர்ந்து குதித்தால் தோற்பான். பந்து எங்கே இறங்கும் என்பதை அரை விநாடி முன்னால் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். மாலையில் வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதை நெற்றியால் முட்டிப் பழகட்டும். ஆட்டத்தில் பந்து தன்னிடம் வருவதற்கு முன் இரண்டு முறை தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கட்டும். எதிரணிக்காரன் காலை ஆட்டி ஏமாற்றும்போது பந்தை மட்டும் பார்க்கட்டும். அவசரப்பட்டுக் காலை விடாமல், அவனை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போகட்டும்.

இன்னொன்று சொல்லுங்கள். மைதானத்தில் 22 பேரில் ஆட்டம் முழுவதையும் முன்னால் விரித்து வைத்துப் பார்ப்பவர்கள் கோல்கீப்பரும் ஸ்டாப்பரும்தான். முன்கள வீரனுக்கு முதுகுப் பக்கம் ஒன்றும் தெரியாது. நல்ல ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்துவது புத்தியுள்ள பையனைத்தான். நான் அப்படித்தான் நிறுத்தினேன். ஒரு சீசன் அவன் ஆடிப் பார்க்கட்டும். பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் அவனே ஆசிரியரிடம் போய்ப் பேசட்டும். நீங்கள் போக வேண்டாம்.

கேள்வி: ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300 கிலோமீட்டர். நாங்கள் நண்பர்கள் எல்லோரும் பெங்களூரு அணிக்குத்தான் கத்துகிறோம். இத்தனை கோல் வாங்கும் சென்னை அணியை நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?
– வாசகர், ஓசூர்

நீங்கள் பெங்களூருக்குக் கத்துவதில் எனக்கு வருத்தம் இல்லை. பக்கத்து ஊர் அணி, நல்ல அணி. என் மனம் 2014-இலேயே சென்னைப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். முதல் சீசன் அரையிறுதி. கொச்சியில் கேரளாவிடம் 3–0 என்று தோற்றுவிட்டு வந்தார்கள். சென்னையில் அதே மூன்று கோலைத் திருப்பி அடித்தார்கள். கூடுதல் நேரத்துக்குப் போனது. என் வீட்டுக் கூடத்தில் பதினைந்து மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் மூன்றே நிமிடம் தாங்கினால் பெனால்டி. 117-ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்காக அடித்துவிட்டார். கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. களைத்துப்போன கால்களோடு நம் ஸ்டாப்பர்கள் புல்லில் உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இவர்கள் என் ஆட்கள் என்று தோன்றியது. அதன்பிறகு மாறவே இல்லை.

அதனால்தான் 2018 மார்ச் 17 அன்று இறுதி ஆட்டம் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் என்று தெரிந்ததும் மதியமே பஸ் ஏறினேன். அந்த ஆண்டு லீகில் பெங்களூரு நம்மைவிட 8 புள்ளி அதிகம். எனக்குக் கிடைத்த இருக்கை அவர்களுடைய ரசிகர்களுக்கு நடுவில். ஒன்பதாவது நிமிடத்திலேயே உதாந்தா வலப்பக்கம் ஓடிப் பந்தைக் கொடுக்க, சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

17-ஆவது நிமிடத்தில் நமக்கு ஒரு கார்னர். கிரெகரி நெல்சன் அடித்தார். மைல்சன் எழும்பினார். வலை. இடைவேளைக்குச் சற்று முன், 45-ஆவது நிமிடத்தில், மறுபடியும் நெல்சனின் கார்னர், மறுபடியும் மைல்சனின் தலை. 67-ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். கூடுதல் நிமிடங்களில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பியபோது என் கை நடுங்கியது உண்மை. 3–2. பக்கத்து இருக்கையில் இருந்த பெங்களூரு ரசிகர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு கை கொடுத்தார்.

சாந்திநகர் பஸ் நிலையம் வரை நடந்தே போனேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஓசூர் தாண்டியதும் என் பழைய ஜோடிக்குப் போன் செய்தேன். அவன் இப்போது சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறான். இரவில்தான் மும்முனை மின்சாரம் என்பதால் மோட்டார் போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான், ஆட்டம் பார்க்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்றேன். கோல் அடித்தது யார் என்று கேட்டான்.

"ஸ்டாப்பர்" என்றேன்.

மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போலும். நிறுத்திவிட்டு வந்து மறுபடியும் கேட்டான்.

"ஸ்டாப்பர். இரண்டு கோல். இரண்டும் தலையால்."