நான்கு எதிரிகளும் ஒரே வரிசையில் வருவது ஏன்?

வணக்கம். உங்கள் புதிர்ப்பாதை விளையாட்டில் நான்கு எதிரிகளும் சற்று நேரத்தில் ரயில்பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஏ-ஸ்டாரில் (இலக்குக்குக் குறுகிய பாதையைத் தேடித் தரும் வழிமுறை) பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை அங்கே இல்லை. நான்குக்கும் ஆட்டக்காரர் நிற்கும் கட்டமே இலக்கு, அதனால் பாதையும் ஒன்றாகிவிடுகிறது.

1980இல் வந்த, நான்கு பேய்கள் ஆட்டக்காரரைத் துரத்தும் புதிர்ப்பாதை விளையாட்டான பேக்-மேனைப் பாருங்கள். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, ஆட்டக்காரர் போகும் திசையில் 4 கட்டம் முன்னால் குறிவைத்து மடக்கும். எனக்கு மிகவும் பிடித்தது ஆரஞ்சு: 8 கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், அதற்குள் வந்துவிட்டால் தன் மூலைக்குத் திரும்பும். ஆடுபவருக்கு அது பயந்த சுபாவமாகவே தெரியும். உள்ளே இருப்பது ஒரே ஒரு இஃப் நிபந்தனை! இடையிடையே எல்லாப் பேய்களும் மூலைக்கு ஒதுங்கும். முதல் லெவலின் தொடக்கத்தில் 7 விநாடி ஒதுக்கம், 20 விநாடி துரத்தல். அந்த மூச்சுவிடும் நேரம் இல்லாவிட்டால் ஆட்டம் சலித்துவிடும், அதை விட்டுவிடாதீர்கள்.

பாதை தேடும் நிரலைத் தொடவே வேண்டாம். இலக்கை மட்டும் எதிரிக்கு எதிரி மாற்றுங்கள். முன்னால் தள்ளிய இலக்கு சில நேரம் சுவருக்குள் விழும், அப்போது ஏ-ஸ்டாருக்குப் பாதை கிடைக்காது. அருகிலுள்ள நடக்கக்கூடிய கட்டத்தை எடுத்துக் கொடுங்கள்.