இது மடியா, நோயா, டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 21 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் ஒரு கிராமம். 2020ல் பத்தாம் வகுப்பு படித்தேன், பரீட்சை நடக்கவில்லை. ப்ளஸ் ஒன் போனிலேயே முடிந்தது. 2021 மே மாதம் குலசேகரத்தில் இருந்த அம்மாச்சி கொரோனாவில் இறந்துவிட்டார், எங்களுக்கு முகம்கூடக் காட்டவில்லை. இப்போது பி.காம். முடித்து ஒரு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறேன். கூட்டத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது, வெளியே போனால் இன்றும் மாஸ்க் போடுகிறேன். ராத்திரி மூன்று மணி வரை ஒறக்கம் வராது, எழும்பும்போது பகல் பதினொன்று ஆகிவிடும். போன மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு இன்டர்வியூ. பஸ்ஸில் களியக்காவிளை வரை போய், மூச்சு முட்டியதால் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். அம்மா இதையெல்லாம் 'மடி', சோம்பல் என்கிறார். சில ராத்திரி, ஒறங்கினால் எழும்பாமலே போனால் நல்லது என்று தோன்றும். ஊரடங்கு முடிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அதையே காரணம் சொல்வது சரியா?

பதில்: மக்களே, உன் கடிதத்தில் கடைசிக்கு முந்தின வரியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எழும்பாமல் போனால் நல்லது என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறாய். அது தோன்றி மறைகிறதா, அல்லது எப்படி, எப்போது என்று மனசு திட்டம் போடும் அளவுக்குப் போகிறதா? திட்டம் வரை போகிறது என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவை எழுப்பிச் சொல், தனியாக இருக்காதே, இன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், ராத்திரி மூன்று மணிக்கும் ஆள் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் பேசலாம். தோன்றி மறைகிறது என்றாலும் சும்மா விடக்கூடாது, இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரிடம் அந்த வரியை அப்படியே சொல்லிவிட வேண்டும். இதை வாசிக்கும் பெற்றோருக்கும் ஒன்று: பிள்ளையிடம் நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஏற்றிவிடுவோமோ என்று பலர் என்னிடம் பயந்து சொல்கிறார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, மடி. நம்மூரில் அந்த ஒரு வார்த்தையைப் போட்டு எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மடி பிடித்தவனுக்கு வேலை செய்யாமல் கிடப்பதில் ஒரு சுகம் இருக்கும். நீ இன்டர்வியூவுக்கு உடுத்திக் கிளம்பி, பஸ் ஏறி, மார்த்தாண்டமும் குழித்துறைப் பாலமும் தாண்டி, நெஞ்சு அடித்துக்கொண்டே களியக்காவிளை வரை போயிருக்கிறாய். திரும்பி வந்து ராத்திரி முழுவதும் உன்னையே திட்டியிருப்பாய் என்று எழுதாமலே தெரிகிறது. இதில் சுகம் எங்கே இருக்கிறது? இதற்கு நம்மூரில் வேறு நல்ல வார்த்தை இருக்கிறது, வெப்ராளம், அதாவது மனப்பதற்றம்.

ஊரடங்கைக் காரணம் சொல்லலாமா என்று கேட்டாய். கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். 2020 மார்ச் 25 அன்று நாடு மூடியது, உன் பத்தாம் வகுப்புப் பரீட்சை தேதி மாறி மாறி ஜூனில் ரத்தாகி, காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டு எல்லாரையும் பாஸ் ஆக்கினார்கள். ப்ளஸ் ஒன்னில் உங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததே 2021 பிப்ரவரி 8ல்தான், மார்ச்சில் மறுபடி மூடிவிட்டார்கள், ஆக அந்த வருஷம் நீ வகுப்பறையில் உட்கார்ந்தது சுமார் ஒன்றரை மாதம். அப்புறம் மே மாதம் முழு ஊரடங்கு, அதே மாதம் அம்மாச்சி. செப்டம்பரில்தான் திரும்பத் திறந்தார்கள். நீ வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே 2022 மே மாதத்து ப்ளஸ் டூ தேர்வு. பதினைந்து, பதினாறு, பதினேழு வயது இப்படிப் போயிருக்கிறது.

அந்த வயதில் பாடம் மட்டுமா படிக்கிறோம்? வகுப்பில் எழுந்து தப்பாகப் பதில் சொல்லி நாலு பேர் சிரித்து, மறுநாளும் அதே பெஞ்சில் போய் உட்காருகிறோமே, அது ஒரு படிப்பு. தோழியிடம் பிணங்கி, பேசாமல் இருந்து, ஒரு மிட்டாயில் சமாதானம் ஆவது ஒரு படிப்பு. பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மூளை மிகக் கூர்மையாகக் கவனிக்கும் பருவம் அது. அந்தக் கூர்மை, ஆட்களோடு பழகிப் பழகித்தான் மெல்ல அடங்கும். உனக்கு அந்தப் பழக்கம் நடக்க வேண்டிய நேரத்தில் மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டு ஒரு போனுக்கு முன்னால் இருந்தாய். சைக்கிள் ஓட்டப் பழகாத பிள்ளைக்கு சைக்கிளைக் கண்டால் பயம் வருவது குணக்கேடு இல்லையே. தாமதமாகப் பழகலாம், அவ்வளவுதான்.

ஒன்றை மனம் திறந்து சொல்கிறேன். அந்த இரண்டு வருஷமும் என்னிடம் வந்த பிள்ளைகள் யாரும் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. வயிற்றுவலி, தலைவலி, கண் எரிச்சல், சீணம் என்கிற களைப்பு, இப்படித்தான் வந்தார்கள். ஒரு பையன் நினைவில் நிற்கிறான். வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், ரப்பர் விளைக்குள் மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும், வளைகுடாவில் வேலை போய் அப்பாவும் திரும்பி வந்துவிட்டார். நான் வயிற்றை அமுக்கிப் பார்த்து கேஸ் மாத்திரை எழுதினேன். அவன் எழுந்து போகும்போது கதவருகில் நின்று, ஏதோ கேட்க வந்தவன் போல ஒரு நிமிஷம் பார்த்தான், வெளியே வரிசை நின்றதால் நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். அன்றைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் அவனோடு பேசியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். கடற்கரையில் இதைவிடக் கடினம். ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பரில், அந்தப் பயமே ஆறாத வீடுகளில் மீன்பிடி வேலைக்குப் போன அப்பாவும் அண்ணனும் ஈரானில் மாட்டிக்கொண்டு, 2020 ஜூலையில் கடற்படைக் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து சேரும் வரை பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே நீ மட்டும் இல்லை. கொரோனாவின் முதல் வருஷத்திலேயே உலகம் முழுவதும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்னது, அதிகம் அடிபட்டது இளையவர்களும் பெண்களும் என்றும் சொன்னது. ஊரடங்கு எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. தொடங்கி வைத்தது அது. இன்றுவரை நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது வேறொன்று, அது களியக்காவிளையில் நடந்தது.

மூச்சு முட்டியதும் நீ இறங்கினாய், இறங்கியதும் நெஞ்சு அமைதியானது, இல்லையா? அந்த நிம்மதியில் மூளை தப்பான பாடம் ஒன்றைப் படித்துக்கொண்டது: பஸ் ஆபத்து, இறங்கியதால் பிழைத்தோம் என்று. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்தப் பாடம் இன்னும் உறுதியாகும். உண்மையில் நீ இறங்காமல் இருந்திருந்தாலும் அந்தப் படபடப்பு அடங்கித்தான் இருக்கும். அட்ரினலின் என்ற சுரப்பு சட்டென்று ஏறி நெஞ்சை அடிக்க வைக்கும், பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும். பதற்றத்தால் வருகிற மூச்சுமுட்டலில் உயிர் போகாது. நீ இறங்கியது அலை உச்சத்தில் இருந்தபோது. இனி அது இறங்கும் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஆனால் எடுத்த எடுப்பில் திருவனந்தபுரம் பஸ்ஸில் இல்லை. முதலில் பஸ் ஸ்டாப் வரை நடந்து, ஒரு பஸ் வந்து போகும் வரை நின்றுவிட்டு வா. அது சலிப்பாகும் வரை தினமும் செய். அப்புறம் இரண்டு நிறுத்தம், அப்புறம் தக்கலை பஸ் ஸ்டாண்ட், மார்த்தாண்டம், களியக்காவிளையில் இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்புவது, அப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விடு, கண்ணை மூடாமல் ஜன்னலுக்கு வெளியே கடைப் பெயர்களை வாசி. ஒரு நாள் முடியாமல் போனால் அடுத்த நாள் அதே படிக்கட்டு, கீழே இறங்க வேண்டாம்.

மாஸ்க்கைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய், எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. என் அறைக்கு வரும் உன் வயதுப் பிள்ளைகளில் சிலர் இன்றும் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை, தொண்டையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் ஒரு கையால் இறக்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு அடுத்த நொடி ஏற்றிவிடுகிறார்கள். கிருமிக்குப் பயந்தா? கேட்டால் தலையைக் குனிந்து, இல்லை டாக்டர், முகம் தெரியக்கூடாது என்கிறார்கள். பருவம் வந்து முகம் மாறிய வருஷங்களில் அந்த முகத்தை வெளியே யாரும் பார்க்கவில்லை, மாஸ்க் போட்ட முகம்தான் இவர்களுக்குப் பழகிய முகம். சளி, இருமல் இருந்தால் போடு, ஆஸ்பத்திரிக்குள் போடு. மற்ற நேரம் அதுவும் களியக்காவிளையில் இறங்கின மாதிரிதான். ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் முதலில் கழற்றிப் பார்.

ஒறக்கத்துக்கு ஒரே வழி, படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும்பும் நேரத்தைப் பிடிப்பது. பதினொன்றிலிருந்து ஒரே நாளில் ஆறு மணிக்கு வர முடியாது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் கொண்டு வா, எழும்பியதும் முற்றத்தில் வெளிச்சத்தில் இருபது நிமிஷம் நட, உடம்பின் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் மணி பார்க்கிறது. மதியத்துக்குப் பிறகு சாயா, காப்பி வேண்டாம். போன் ராத்திரி அடுக்களையில் கிடக்கட்டும், 14416 எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் வைத்துக்கொள்.

இவ்வளவையும் நீ தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடு, ரத்தச்சோகையிலும் தைராய்டு கோளாறிலும் இதே படபடப்பும் சீணமும் வரும், இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை உள்ளவர்கள். அப்புறம் மனநல மருத்துவர். நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒருவேளை மாத்திரை எழுதினால், பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், மனச்சோர்வுக்கான மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை, ஆனால் நன்றாகிவிட்டது என்று நீயாக நிறுத்தக்கூடாது. மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு ஒறக்க மாத்திரை வாங்குவது மட்டும் கூடவே கூடாது. வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைப்படும் என்று வீட்டில் சொல்வார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உன் சிகிச்சையை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. 2021ல் யுனிசெஃப் நடத்திய ஆய்வில், மனசு சரியில்லாதபோது உதவி கேட்பது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர்கள் 41 சதவீதம்தான், 21 நாடுகளின் சராசரி 83. நீ எனக்கு எழுதியதால் அந்த 41ல் சேர்ந்துவிட்டாய்.

அம்மாச்சியைப் பற்றி. 2021 மே மாதத்தில் அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது, கொரோனா என்றால் பொதிந்த உடம்பைத் தூரத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள், உங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. துக்க வீட்டில் நாலு பேர் வந்து உட்கார்ந்து, ஒப்பாரி வைத்து, கட்டஞ்சாயா கொடுத்து, இறந்தவர் கதையைப் பேசிப் பேசித்தான் நம் மனசு ஒருவர் போனதை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அது நடக்கவே இல்லை. நீ ஒன்றைக் கவனித்தாயா மக்களே, உனக்கு அம்மாச்சி, உன் அம்மாவுக்கு அது அம்மா. பெற்றவளின் முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவிட்டு, மறுநாள் அடுப்பு பற்றவைத்து, உனக்கு ஆன்லைன் வகுப்புக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுத்த பெண் அவர். மடி என்று அவர் உன்னைத் திட்டும்போது அந்தக் குரலில் பாதி பயம் இருக்கலாம். இந்தப் பதிலை அவர் வாசிக்கட்டும். அம்மா, உங்களுக்கும் ஒறக்கம் சரியாக வருகிறதா? இல்லை என்றால் மகளோடு நீங்களும் அதே மருத்துவரைப் பாருங்கள்.

தக்கலை பஸ் ஸ்டாண்ட் வரை நீ பழகிய பிறகு, அடுத்த படியாக மார்த்தாண்டத்துக்குப் பதில் குலசேகரத்துக்கு வை. அம்மாவும் நீயும் கூட்டமில்லாத காலை பஸ்ஸில் போங்கள், அம்மாச்சியை அடக்கிய இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் இருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். மாஸ்க் பைக்குள் இருக்கட்டும். போய்விட்டு வந்து எழுது.