குளிசைய எப்ப குடிக்கணும்னு யாரு சொல்றது?

கேள்வி: அக்கா, நான் அட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல பிள்ளக்காம்பிராவுல, அதான் வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள பாத்துக்கிற எடத்துல, வேலை செய்றேன். போன மாசம் கிளினிக்ல குளிசை பத்திக் குடுத்த நோட்டீச நெறைய பேரு ரொட்டி சுத்தத்தான் எடுத்தாங்க, அந்தத் தமிழ் எனக்கே விளங்கல. நாங்க நாலு பேரு சேர்ந்து ஏதாவது செய்யணும்னு இருக்கோம், எங்க தொடங்குறது?
– ஒரு வாசகி, அட்டன்

பதில்: தங்கச்சி, ரொட்டி சுத்தினவங்க மேல கோவப்படாதீங்க. 'இரும்புச்சத்து அகத்துறிஞ்சல்'னு போட்ட கடதாசிய யாரு படிப்பா? நம்ம பொம்பளப் புள்ளைங்க சாயத்தண்ணி, அதான் பால் போடாத தேத்தண்ணி, குடிக்காம கொழுந்தெடுக்க மலைக்கு ஏறாதுங்க, மாசமா இருக்கிறப்போ ரத்தம் கூடறதுக்குக் குடுக்கிற இரும்புச்சத்து குளிசையையும் அதே கோப்பையோடத்தான் முழுங்குதுங்க, ஆனா சாயம் அந்தச் சத்த ஒடம்புல சேர விடாது, குளிசைய போட்டுட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான் தேத்தண்ணி குடிக்கணும், கல்சியம் குளிசையும் வேற நேரம், தேசிக்காய் தண்ணியோட குடிச்சா நல்லா சேரும். இத வாயால சொன்னா ரெண்டு நிமிஷம் போதும்.

குளிசை கவர்ல இங்கிலீஷ்ல 'பிடி' (BD)ன்னு இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு நேரம், 'டிடிஎஸ்' (TDS)னா மூணு நேரம். படிக்கத் தெரியாதவங்களுக்கு கவர்லயே காலைக்கு சூரியன், ராவைக்கு நிலா வரைஞ்சு குடுங்க. எங்கம்மா பிரஷர் குளிசைய தல சுத்துற அன்னிக்கு மட்டும் போட்டுக்கிட்டு இருந்தாங்க, தெனமும் போடணும்னு ஒருத்தரும் சொல்லல, எனக்கு அது தெரிய வந்தப்போ ஒரு வருஷம் போயிருச்சு, இப்ப நெனச்சாலும் மனசு தாங்கல.

கூட்டம் போடாதீங்க, கிளினிக்குக்கு போனா அரைப் பேரு, அதான் அரை நாள் சம்பளம், போயிரும்னு பயப்படுறவங்க கூட்டத்துக்கு எங்க வருவாங்க? கொழுந்து நிறுக்கிற எடத்துல வரிசையில நிக்கிறப்போ, பிள்ளக்காம்பிராவுக்கு புள்ளைய கூப்பிட வர்றப்போ, ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. "விளங்கிச்சா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "வீட்டுக்குப் போய் எப்பிடி குடிப்பீங்க, சொல்லுங்க பாப்போம்"னு கேளுங்க, அப்பதான் உண்மை தெரியும். லயத்துல, அதான் நாம வரிசையா குடியிருக்கிற லைன் வீடுகள்ல, ஒரு போன் இருந்தா கூட வாட்ஸ்அப்ல கொரல் பதிஞ்சு அனுப்பலாம், ஆனா அனுப்ப முன்னாடி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு போட்டுக் காட்டிருங்க, மருந்து விஷயத்துல நாம ஊகிச்சு ஒன்னும் சொல்லக் கூடாது.

இன்னொன்னு, ஆஸ்பத்திரியில சிங்களத்துல மட்டும் சொன்னா தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேக்கலாம்னு நம்மாளுங்களுக்குத் தெரியணும். 1987ல இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி, அது பிச்சை இல்ல, உரிமை. கேக்க கூச்சமா இருந்தா நீங்க கூடப் போங்க.

அவசரத்துக்கு 1990ங்கிற நம்பருக்கு போன் பண்ணுனா ஆம்புலன்ஸ் வரும், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். ஆனா தோட்டத்துப் பேர மட்டும் சொன்னா வண்டி மலையில சுத்திக்கிட்டு நிக்கும், டிவிஷன், பக்கத்துல இருக்கிற கோயில், எந்தச் சந்தியில திரும்பணும்னு ஒவ்வொரு லயத்துக் கதவுலயும் எழுதி ஒட்டுங்க. இந்த ஞாயிற்றுக்கெழமையே தொடங்கலாமே.