ஒரே பெப்டைடால் நோயைக் கண்டறியவும் மருந்தைக் கொண்டு சேர்க்கவும் முடியுமா?

முடியும், அன்றாட மருத்துவத்தில் அது நடந்துகொண்டும் இருக்கிறது. ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் கதிரியக்க மருந்துகளைத் தயாரிப்பது என் வேலை என்பதால், பொதுப்படையாகப் பட்டியலிடாமல் என் கையில் பழகிய ஒரே ஒரு பெப்டைடைக் கொண்டு விடை சொல்கிறேன். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அச்சங்கிலி நீண்டு, மடிந்து, தனக்கென்று ஓர் உருவம் பெற்றால் புரதம் என்கிறோம்.

1973இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் கில்லெமினின் குழு, செம்மறி ஆட்டு மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியிலிருந்து 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தது. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதை அது தடுத்ததால் சொமாட்டோஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். மூளை சுரக்கும் பெப்டைடு ஹார்மோன்களைப் பற்றிய ஆய்வுக்காகக் கில்லெமினுக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும் 1977இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதியைப் பெற்ற ரோசலின் யாலோ, கதிரியக்க அயோடினைப் பெப்டைடில் ஒட்டி இரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்க வழி கண்டவர். இந்த விடையின் இரண்டு சரடுகளான பெப்டைடும் கதிரியக்கமும் ஒரே மேடையில் நின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் சொமாட்டோஸ்டாட்டினை அப்படியே மருந்தாக்க முடியவில்லை. இரத்தத்தில் கலந்த சில நிமிடங்களிலேயே நொதிகள் அதை வெட்டிவிடுகின்றன. இந்தத் தடையைத் தாண்டியவர்கள் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்து வேதியியலாளர்கள். ஏற்பியில், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டுவதற்காகச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தில், பொருந்துவதற்கு இன்றியமையாத நான்கு அமினோ அமிலங்களைச் சுற்றியே சங்கிலியை எட்டாகக் குறுக்கி, இரண்டு இடங்களில் இயற்கையான அமினோ அமிலத்துக்குப் பதிலாக அதன் கண்ணாடிப் பிம்ப வடிவத்தை வைத்து, 1982இல் ஆக்ட்ரியோடைடு என்ற பெப்டைடை வெளியிட்டார்கள். வலது கால் செருப்பை இடது காலில் மாட்ட முயல்வதைப் போல, வெட்ட வரும் நொதிக்கு அந்த இடங்களில் பிடி கிடைப்பதில்லை. அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஒன்றரை மணியாக நீண்டது. பின்னால் வந்த ஸ்கேனும் சிகிச்சையும் பெறும் புகழில் பெரும்பங்கு இந்தச் சிறிய மாற்றத்துக்கே சேர வேண்டும் என்பது என் கருத்து.

இனி நோய்க்கு வருவோம். ஹார்மோன் சுரக்கும் நரம்புசார் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோக்ரைன் கட்டிகள் குடலிலும் கணையத்திலும் நுரையீரலிலும் மெதுவாக வளர்பவை. நடிகர் இர்ஃபான் கான் 2018இல் தமக்கு இருப்பதாக அறிவித்தது இவ்வகைக் கட்டியைத்தான். இக்கட்டிகளில் பல, தம் செல்களின் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகளை, குறிப்பாக இரண்டாம் வகை ஏற்பியை, மிக அதிகமாக வைத்திருக்கின்றன. அப்படியென்றால் அந்த ஏற்பியைத் தேடிச் சென்று ஒட்டும் பெப்டைடில் ஒரு கதிரியக்க அணுவை ஏற்றி அனுப்பினால், கட்டி எங்கே ஒளிந்திருந்தாலும் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிவிடும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எரிக் கிரென்னிங் குழு 1989இல் அயோடின்-123ஐக் கொண்டு இதைச் செய்து காட்டியது. இண்டியம்-111 ஏற்றிய வடிவம் 1994இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

இன்று நாங்கள் பயன்படுத்துவது டோட்டாடேட். ஆக்ட்ரியோடைடில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, முனையையும் சற்றுத் திருத்தி, டோட்டா என்னும் உலோகப் பிடியைச் சேர்த்தால் கிடைப்பது இது. அந்தப் பிடிக்குள் எந்த உலோகத்தை வைக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. காலியம்-68ஐ வைத்தால் அது, உடலுக்குள் கதிரியக்கம் சேர்ந்த இடங்களைப் படமாக்கும் பெட் ஸ்கேனுக்கான மருந்து. இதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் அரை ஆயுள் 68 நிமிடங்களே என்பதால் வெளியூரிலிருந்து வரவழைத்து வைத்துக்கொள்ள இயலாது. 271 நாள் அரை ஆயுளோடு மெல்லச் சிதைந்து காலியம்-68ஆக மாறும் ஜெர்மானியம்-68 அடைத்த, ஜெனரேட்டர் என்னும் கலத்திலிருந்து காலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தி எடுப்போம். இதைக் ‘கறப்பது’ என்றே எங்கள் அறையில் சொல்வது வழக்கம். பின்னர் அமிலத்தன்மையைச் சரிசெய்து, பெப்டைடோடு சேர்த்துச் சில நிமிடங்கள் சூடாக்க வேண்டும். ஒரு நோயாளிக்குத் தேவையான பெப்டைடு சுமார் 40 மைக்ரோகிராம், அதாவது ஒரு பரல் சீனியின் எடையைவிடக் குறைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் படியில் உலோக ஊசி ஒன்றைக் கவனமின்றிப் பயன்படுத்தி ஒரு நாள் தயாரிப்பையே பாழாக்கியிருக்கிறேன். ஊசியிலிருந்து கரைந்த இரும்பு, காலியத்துக்கு முன்பாக டோட்டாவில் போய் அமர்ந்துகொண்டது.

படத்தில் ஒளிர்வதெல்லாம் கட்டி அன்று என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணீரலும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் இயல்பாகவே ஒளிரும். கணையத்தின் வால் பகுதியில் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் துணை மண்ணீரலைக் கட்டியென்று நினைத்துவிடும் வாய்ப்பு உண்டு என்பதால், படத்தைப் படிப்பவரின் அனுபவத்துக்கு இங்கே மதிப்பு அதிகம்.

ஸ்கேனில் கட்டி நன்றாக ஒளிர்ந்தால், அதே பெப்டைடின் பிடிக்குள் காலியத்துக்குப் பதிலாக லுட்டீசியம்-177ஐ வைக்கலாம். இந்தியாவில் இது மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையிலேயே உற்பத்தியாகிறது. ஏற்பியோடு ஒட்டிய பெப்டைடைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ள, லுட்டீசியம் வெளியிடும் பீட்டா துகள்கள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் தம் ஆற்றலை இறக்கிவிடுகின்றன. 7.4 கிகாபெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வீதம், எட்டு வாரங்களுக்கு ஒருமுறையாக நான்கு தவணைகள் தருவது வழக்கம். நடுக்குடல் கட்டி உள்ள 229 பேரிடம் நடந்த நெட்டர்-1 ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது: 20 மாதங்களில் நோய் முற்றாமல் இருந்தோர் இச்சிகிச்சையில் 65.2 சதவீதம், அதிக அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்றவர்களில் 10.8 சதவீதம். ஆயினும் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 18 சதவீதத்தினருக்கே. ஆகவே இதை நோயைக் கட்டிப்போடும் சிகிச்சையாகப் பார்ப்பதே நேர்மை. முழுக் குணம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

பெப்டைடு சிறியது என்பதே அதன் பலமும் தொல்லையும் ஆகும். கட்டிக்குள் விரைவாக ஊடுருவுகிறது. ஆனால் சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, நுண்குழல்களில் மீண்டும் உறிஞ்சப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. அதைத் தவிர்க்கச் சிகிச்சைக்கு அரை மணி நேரம் முன்பே லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களைச் சொட்டு மருந்தாக ஏற்றத் தொடங்கி நான்கு மணி நேரமாவது தொடர்கிறோம். இவை உறிஞ்சும் இடங்களை முந்திப் பிடித்துக்கொள்ளும். இவற்றால் குமட்டல் வருவதால் வாந்தித் தடுப்பு மருந்தும் முன்னதாகவே தரப்படுகிறது.

இப்போது பலரும் முயல்வது, அதே இடத்தில் ஆல்ஃபா துகள் வெளியிடும் ஆக்டினியம்-225ஐ வைப்பது. ஆல்ஃபா பாய்வது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான், ஆனால் செல்லின் டிஎன்ஏ இழைகள் இரண்டையும் சேர்த்தே முறித்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஆல்ஃபா வெளியேறும் உதைப்பில் மிஞ்சும் சேய் அணு டோட்டாவின் பிடியிலிருந்து தெறித்து விடுபடுகிறது. அப்படி விடுபடுபவற்றில் ஒன்றான பிஸ்மத்-213 நேரே சிறுநீரகத்துக்குச் செல்கிறது. அதற்கு லைசினால் பயன் இல்லை.