டெண்டரில் எழுதப்படும் எதிர்காலம்: வாசகர் கேள்வி பதில்

‘2030-க்குள்’, ‘2047-க்குள்’ என்று எல்லா டிஜிட்டல் திட்டத்திலும் ஒரு கனவைச் சொல்கிறார்கள். அது வெறும் விளம்பரம்தானே? கனவு எப்படித் தொழில்நுட்பத்தை மாற்றும்?
– கல்லூரி ஆசிரியை, காரைக்குடி

நன்றாகவே மாற்றும். ஒரு சிப்பில் அடங்கும் மின்னணு உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965-இல் சிப் துறை வல்லுநர் கார்டன் மூர் கணித்தார். 1975-இல் அதை இரண்டு ஆண்டு என்று திருத்திக்கொண்டார். இயற்கையின் விதி எதுவும் அதில் கிடையாது, ஒரு மனிதரின் கணிப்புதான். ஆனால் 1990-களில் சிப் நிறுவனங்கள் கூடி உட்கார்ந்து, எந்த ஆண்டில் எந்த அளவு என்று கால அட்டவணையே போட்டுவிட்டன. லென்ஸ் செய்பவர், ரசாயனம் தருபவர், எந்திரம் கட்டுபவர் எல்லோரும் அந்த அட்டவணையை நம்பிப் பணம் போட்டார்கள். கணிப்பும் பலித்தது.

உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். யாருடைய கனவுக்குப் பணம் கிடைக்கிறதோ அதுதான் கட்டடமாகிறது.

டிஜிட்டல் ஆட்சியில் கவனிக்க வேண்டியது வரிசை. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் தரப்பட்டது. ஆதார் சட்டம் வந்தது 2016-இல். யு.பி.ஐ. 2016-இல் வந்தது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல், அதன் விதிகள் 2025 நவம்பரில். நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதற்கும் 18 மாதம் கழித்துத்தான் அமலாகின்றன. கனவு முந்திக்கொள்கிறது, கருவி அதன் பின்னே வருகிறது, சட்டம் கடைசியில் வருகிறது. அதற்குள் கோடிக்கணக்கான பேர் அந்தக் கருவியை நம்பி வாழத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே டெண்டராகவும் வரைவு விதியாகவும் இருக்கும்போதே அதைப் படித்துவிட வேண்டும்.

அப்பா பூக்கல் (தரையில் பதிக்கும் பூ வேலைக் கல்) பட்டறையில் வேலை பார்க்கிறார். ரேஷன் கடை மெஷினில் அவர் பெருவிரல் பதிவதே இல்லை. திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்கிறது. என்ன வழி?
– வாசகி, ஆத்தங்குடி

அப்பாவின் விரலில் குறை எதுவும் இல்லை. விரல்ரேகை முடியும் இடங்களையும் கிளை பிரியும் இடங்களையும்தான் மெஷின் தேடுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணல் கலவையைக் கையால் பரப்பி, மறுநாள் தண்ணீரில் போட்டு எடுக்கிறவருக்கு, சிமெண்டின் காரம் தோலை அரிக்கிறது, மணல் ரேகையைத் தேய்க்கிறது. ‘உடம்பே அடையாள அட்டை’ என்ற கனவை வரைந்தவர்கள் மேஜையில் வேலை செய்யும் விரலை மனத்தில் வைத்து வரைந்திருக்கிறார்கள். அதன் விலையை உழைக்கும் கை கொடுக்கிறது என்பதுதான் எங்கள் வருத்தம்.

செய்ய வேண்டியவை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, லேசான ஈரத்தோடு வைக்கச் சொல்லுங்கள். காய்ந்து வெடித்த தோலை மெஷின் படிக்காது. மெஷின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கின்றன. பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குறைவாகத் தேய்ந்த வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழியைப் படிக்கும் கருவி உள்ள கடையில் அதைக் கேளுங்கள்.

ரேகையைப் புதுப்பிக்க ஆதார் மையம் போவதானால், மூன்று நான்கு வாரம் சிமெண்டைத் தொடாமல் இருந்த பிறகு போகச் சொல்லுங்கள். தோல் மீண்டும் வளர அவ்வளவு நாள் ஆகும். தேய்ந்த விரலோடு போனால் தேய்ந்த ரேகைதான் பதிவில் ஏறும், தொல்லை இன்னும் கூடும்.

விரல் பதியாததால் மட்டும் பொருளை மறுக்கக் கூடாது. இதைப் பற்றி ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மறுத்தால் தேதி, நேரம் குறித்து வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பத்தா வளவு வீட்டில் தனியாக இருக்கிறார்கள், நாங்கள் சிங்கப்பூரில். பத்திரத்தில் வைத்த ரேகையை நகல் எடுத்து வங்கிப் பணத்தை எடுக்கிறார்கள் என்கிறார்களே?
– வாசகர், கானாடுகாத்தான்

நடக்கிறது. ஆதார் வழிப் பணம் எடுப்பில் கார்டும் கேட்பதில்லை, பின் நம்பரும் கேட்பதில்லை. ஆதார் எண்ணும் ரேகையும் போதும். ஆதார் இணையதளத்தில் அப்பத்தா பேரில் நுழைந்து, அவர்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி. போட்டு, பயோமெட்ரிக்கை (ரேகை, கருவிழிப் பதிவை) பூட்டிவிடுங்கள். பூட்டியபின் ரேஷன் கடையிலும் ரேகை வேலை செய்யாது, 330 என்ற பிழை எண் வரும். கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகாரும் கொடுங்கள். தவறு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை என்றால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

எங்கள் தெருவில் ‘ஸ்மார்ட்’ கேமரா வைக்கப் போவதாகப் பேச்சு. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனாலும் என்ன கேட்டுவைக்க வேண்டும்?
– வியாபாரி, காரைக்குடி

டெண்டரில் பிக்சல் (படத்தின் புள்ளி) கணக்கைப் பாருங்கள். 2014-இல் வந்த பன்னாட்டுத் தர அளவின்படி, காட்சியில் மீட்டருக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் இருப்பது தெரியும். 125 இருந்தால் தெரிந்த முகத்தைக் கண்டுகொள்ளலாம். 250 இருந்தால் முன்பின் தெரியாதவரையும் அடையாளம் காணலாம். 1920 பிக்சல் அகலக் கேமரா 15 மீட்டர் அகலத்தைப் பார்த்தால் 128 கிடைக்கும். ஏழரை மீட்டருக்குக் குறுக்கினால் 250-ஐத் தாண்டும். தெரு முழுக்க 250 கேட்டிருந்தால், முகம் அறியும் மென்பொருளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ‘எதிர்காலத்தில் விரிவாக்கத்தக்கது’ என்ற ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். அந்த வரியைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் கேட்டால் தருவார்கள், முகம் அறியும் வசதி ஒப்பந்தத்தில் உண்டா, ஒப்பந்தம் முடிந்தபின் பதிவு யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள்: தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ‘தனிநபர் தகவல்’ என்று மறுப்பது எளிதாகிவிட்டது. ஒப்பந்த நகல், விலைப்பட்டியல், தொழில்நுட்ப விவரம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.