ஊர்வலத்தில் கமராவுக்குத் தெரியாதவர்கள்

கேள்வி: என் ஒரே மகன் ரொறன்ரோவில் கணக்காளராக வேலை செய்கிறான். தான் ஆண்களை விரும்புகிறவன் என்று இரண்டு வருடங்களுக்கு முன் என்னிடம் சொன்னான். அழுது தீர்த்துவிட்டு ஏற்றுக்கொண்டேன். இப்போது யூன் மாதக் கடைசியில் அங்கு நடக்கும் பெருமித ஊர்வலத்தில் தானும் நடக்கப் போவதாகச் சொல்கிறான். அது என்னவென்று யூடியூபில் தேடிப் பார்த்தேன். உடம்பெல்லாம் மினுக்குப் பூசியவர்களும் அரைகுறை உடையோடு ஆடுகிறவர்களுமே தெரிந்தார்கள். என் பிள்ளையும் நடுத்தெருவில் அப்படித்தான் நிற்பானா? போகவேண்டாம் என்று சொல்லட்டுமா?
— பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, அழுது தீர்த்துவிட்டு ஏற்றுக்கொண்டேன் என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டீர்கள். அதற்குள் எத்தனை உறங்காத இரவுகள் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மனத்தை முதலில் வணங்குகிறேன்.

நீங்கள் பார்த்த காட்சிகள் பொய்யானவை அல்ல. அப்படி உடுத்து வருகிறவர்கள் உண்டு. உடுக்காமலே வருகிறவர்களும் ஒரு சிலர் உண்டு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் காட்சிகள், பல மணி நேரம் நடந்த ஓர் ஊர்வலத்திலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட சில நிமிடங்கள். சில வருடங்களுக்கு முன் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தபோது, யங் வீதியின் ஓரத்தில் நின்று நானும் அந்த ஊர்வலத்தைப் பார்த்தேன். ஆசிரியர் சங்கத்தினர், வங்கி ஊழியர்கள், தேவாலயப் பதாகையின் பின்னால் வந்த வயதானவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிய தகப்பன்மார் என்று வரிசை வரிசையாகச் சாதாரண மனிதர்களே நடந்து போனார்கள். வெயிலுக்கு இதமாகச் சிறுவர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் எல்லோரையும் நனைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நடைபாதை விளிம்பில் அமர்ந்து, புதுச் சப்பாத்து கடித்த குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய துணைவர் போத்தலைத் திறந்து பிடித்தபடி, பழைய சப்பாத்தைப் போட்டு வரச் சொன்னேனே என்று கடிந்துகொண்டு நின்றார். எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு அது.

அதே இடத்தில் தொலைக்காட்சிக்காரர் ஒருவரும் நின்றார். பிள்ளைகளோடு பெற்றோர் நடந்து வந்த அணி கடந்து போகும் வரை அவருடைய கமரா தரையில் இருந்தது. பின்னால் இறகுச் சிறகு கட்டிய ஒருவர் ஆடி வந்ததும் அதைத் தூக்கித் தோளில் வைத்தார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. மாலைச் செய்திக்கு அவருக்குக் கிடைக்கப் போவது அரை நிமிடம். கண்ணை இழுக்கும் காட்சியைத்தான் எடுப்பார். ஆனால் உலகம் முழுவதும் அப்படி எடுத்த அரை நிமிடங்களே வருடா வருடம் சேர்ந்து, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் ஒரு தாயின் நெஞ்சில் பயமாக வந்து இறங்குகின்றன. அதுதான் என்னை வருத்துகிறது.

இந்த வலி நமக்குப் புதிதல்ல. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று நம்மைப் பற்றிப் பிற ஊர்களில் எத்தனை காலமாகச் சொல்லி வருகிறார்கள்! வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கைப் படம்பிடிக்க வருகிறவர்களும் தெய்வம் ஏறி ஆடுகிறவரைத்தான் எடுத்துப் போகிறார்கள். விடியற்காலையில் எழுந்து பொங்கலுக்கு அரிசி களைகிற பெண்களையும், வளாகம் கூட்டுகிறவர்களையும், உறங்கிப்போன பிள்ளையை மடியில் கிடத்திக் குளிர்த்திப் பாடல் கேட்டிருக்கும் பாட்டியையும் யாரும் எடுப்பதில்லை. ஆனால் சடங்கு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அவர்களும்தான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் மகன் அடக்கமான பிள்ளை, மினுக்குப் பூசியவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்று பிரித்து உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. நம் கூத்துக் களரியில் ஆண்கள் பெண் உடுப்புக் கட்டி, விடிய விடிய ஆடியதை நம் முன்னோர் கண்கொட்டாமல் பார்த்தார்கள். வேடம் கட்டியவர் மறுநாள் வயலுக்குப் போனார். அங்கும் பலருக்கு அது விழாநாள் வேடம். வேறு சிலருக்கோ அதுவே இயல்பான கோலம். தங்களை மறைத்துக்கொள்ள முடியாத அவர்கள்தான் அடியும் ஏச்சும் அதிகம் வாங்கியவர்கள். 1969 யூன் 28 அதிகாலையில் நியூயோர்க்கில் தன்பாலீர்ப்புள்ளவர்கள் கூடும் ஸ்டோன்வோல் மதுச்சாலைக்குள் பொலிஸார் புகுந்தபோது எதிர்த்து நின்றவர்களில் அத்தகையவர்களும் இருந்தார்கள். அதன் முதலாண்டு நினைவாக 1970இல் நடந்த பேரணியே இன்றைய ஊர்வலங்களுக்கெல்லாம் தொடக்கம்.

உங்களைப் போன்ற ஒரு தாயும் இந்த வரலாற்றில் இருக்கிறார். ஜீன் மன்ஃபோர்ட் என்ற அந்தப் பள்ளி ஆசிரியையின் மகன், 1972இல் துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போன இடத்தில் தாக்கப்பட்டார். அந்த வருட யூன் ஊர்வலத்தில், தன்பாலீர்ப்புள்ளவர்களின் பெற்றோரே, நம் பிள்ளைகளுக்காக ஒன்றுசேருங்கள் என்ற பொருள்பட எழுதிய அட்டையைப் பிடித்தபடி அவர் மகனோடு நடந்தார். வழிநெடுக இளைஞர்கள் ஓடிவந்து, என் அம்மாவோடும் பேசுவீர்களா என்று கேட்டார்கள். மறுவருடம் ஒரு தேவாலயத்தில் ஏறக்குறைய 20 பேருடன் அவர் தொடங்கிய பெற்றோர் கூட்டம் பின்னர் பெரிய அமைப்பாக வளர்ந்தது. நான் யங் வீதியில் கண்ட பெற்றோர் அணியும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே மகனைத் தடுக்காதீர்கள். யாரோடு நடக்கப் போகிறாய், தொப்பி இருக்கிறதா, தண்ணீர் கொண்டு போவாயா என்று கேளுங்கள். அன்று அவன் எடுக்கும் படங்களை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்ததற்குப் பக்கத்தில் அவற்றையும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இந்த ஊர்வலமெல்லாம் மேலைநாட்டு இறக்குமதிதானே? நம் பண்பாட்டுக்கு இது எதற்கு?
— வாசகர், கல்முனை

பதில்: ஊர்வலத்தின் வடிவம் வெளியிலிருந்து வந்தது என்பது உண்மை. மே தின ஊர்வலமும் அப்படி வந்ததுதான். ஆனால் தன்பாலீர்ப்புள்ளவர்களைக் குற்றவாளிகளாக்கிய சட்டமும் வெளியிலிருந்து வந்ததே என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானியர் நமக்குத் தந்தது. இங்கிலாந்தில் 1967இலேயே அந்தத் தடை பெருமளவு தளர்ந்துவிட, நம் நாட்டிலோ 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2023இல் அந்தத் தடையை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

கொல்கத்தாவில் 1999இலும், கொழும்பில் 2005இலும், சென்னையில் 2009இலும் இத்தகைய நிகழ்வுகள் தொடங்கின. சென்னையில் இதனைச் சுயமரியாதைப் பேரணி என்கிறார்கள். பெருமிதம் என்பதைவிட அந்தச் சொல்லே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. கொழும்பு விழாவில் நெடுங்காலம் முக்கியமாக இருந்தது கடற்கரைப் பட்டத் திருவிழா. வாலறுந்த பட்டத்துக்குத் துணிக்கீறு தேடுகிற கூட்டத்தில் பண்பாட்டைக் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

கேள்வி: ஊடகக் கற்கை பயில்கிறேன். இப்படியொரு நிகழ்வைப் பற்றி எழுத நேர்ந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— மாணவி, வந்தாறுமூலை

பதில்: முகத்தில், தங்கையே. நம் நாட்டில் ஒரு படம் வெளியானால் ஒருவருடைய வேலை போகலாம், வாடகை வீடு போகலாம், ஊருக்குத் திரும்பும் வழியே அடைபடலாம். எடுப்பதற்கு முன் கேளுங்கள். எடுத்த பின்னும் எந்தப் பத்திரிகையில் வரும் என்று சொல்லி மறுபடியும் கேளுங்கள். சொற்களும் அப்படியே. மதிப்பான சொற்களைத் தொகுத்துத் தமிழ்நாட்டு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அதைப் படியுங்கள், பிறகு உங்கள் முன் நிற்பவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று கேட்டு அதையே எழுதுங்கள். ஊர்வலம் கலைந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்து, முகப்பூச்சைத் துடைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களிடம் பேசுங்கள்.